இரும்பின் பிறவிக் குணம்

காந்தம் கண்ட இரும்பு என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய்ப் பழகிவரும் உவமை. காதலனைக் கண்ட காதலியையும், ஆண்டவனைக் கண்ட அடியவனையும், பணத்தைக் கண்ட பேராசைக்காரனையும் அந்த ஒரே தொடரால் விளக்கிவிடுகிறோம். உவமையாக இருக்கும் வரையில் அதனால் எவருக்கும் கேடில்லை. அது மருந்துச் சீட்டாக மாறிக் கடைத்தெருவுக்கு வருமானால், அதனை உரைத்துப் பார்ப்பது அறிவுடையார் கடமையாகின்றது.

கிள்ளான் துறைமுகத்தில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் நம் உறவினர் ஒருவர். நாம் மாமா என்று அழைப்பவர். இனிப்பு நீர் நோயுடையவர். சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் கூடிய கூட்டத்துக்குச் சென்று, இரண்டு மணி நேரச் சொற்பொழிவைக் கேட்டு, 480 வெள்ளி கொடுத்து ஒரு காந்தக் காப்பு வாங்கி வந்தார். "இரத்தத்துல இரும்பு இருக்குன்னு டாக்டரே சொல்றாரு. இரும்பைக் காந்தம் இழுக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் என்ன மாப்பிள்ளை சந்தேகம்?" என்று நம்மைக் கேட்டார். கையிலே காப்பு ஏறிற்று, மாத்திரை நின்றது. நான்கு திங்களில் இடக்காலின் இரண்டு விரல்கள் போயின.

அவர் கேட்ட கேள்வியை நாம் எள்ளவில்லை. இரத்தத்தில் இரும்புண்டு என்பது மெய். வளர்ந்த மனிதன் உடலில் ஏறக்குறைய 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அதில் மூன்றில் இரு பங்கு செங்குருதி அணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பதும் மெய். இவ்விரண்டு மெய்களைக் கூட்டி ஒரு பொய்யைப் பெற்றது எங்ஙனம்? இரும்பு எங்கிருந்தாலும் எப்போதும் ஒரே குணமுடையது என்று வாய்விட்டுச் சொல்லாமலே கொண்ட மூன்றாவது நம்பிக்கைதான் அப்பொய்யின் தாய்.

பிரிக்பீல்ட்ஸுக்கு அப்பெயர் வந்ததே செங்கற் சூளைகளால். 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தபின், ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டிக் களிமண் வெட்டிச் சூளை வைத்த இடம் அது. செங்கல்லின் சிவப்பு இரும்பு தந்த சிவப்பு. அருகே ஓடும் இரயில் தண்டவாளமும் இரும்புதான். தண்டவாளத்தைக் காந்தம் பற்றிக்கொள்ளும், செங்கல்லைப் பற்றாது. தண்டவாளத்தில் இரும்பணுவுக்கு அண்டை வீட்டான் இன்னோர் இரும்பணு, செங்கல்லில் ஆக்சிஜன். அண்டை மாறின் குணமும் மாறுகிறது.

இதன் காரணம் யாதெனில், அணுவிலுள்ள எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். இரண்டு எலெக்ட்ரான்கள் எதிரெதிராய் இணைந்துவிட்டால் ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். இணையின்றித் தனித்து நிற்பவையே காந்தக் குணத்தை வெளிக்காட்டும். எத்தனை எலெக்ட்ரான்கள் தனித்து நிற்கும் என்பதை அணு மட்டும் முடிவு செய்வதில்லை. அதைச் சூழ்ந்திருப்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

குருதியைப் பற்றிய தீர்ப்பு நெடுநாள் முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1845இல் மைக்கேல் பாரடே உலர்ந்த குருதியைக் காந்தத்தருகே வைத்துப் பார்த்து, இத்தனை இரும்பிருந்தும் அது ஈர்க்கப்படாமை கண்டு வியந்தார். 1936இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்னும் இருவர் காரணத்தை வெளியிட்டனர். ஆக்சிஜன் சேராத ஹீமோகுளோபினில் இரும்பணு ஒவ்வொன்றுக்கும் நான்கு தனி எலெக்ட்ரான்கள் உள; ஆக்சிஜன் வந்து பிணைந்தவுடன் தனித்து நிற்பது ஒன்றுமில்லை. ஆகவே நுரையீரலிலிருந்து புதிதாய்ப் புறப்படும் குருதியைக் காந்தம் இழுப்பதில்லை. மிக மெலிதாய்த் தள்ளுகிறது! திரும்பி வரும் குருதியில் ஆக்சிஜன் நீங்கிய பகுதிக்குச் சிறிது ஈர்ப்புண்டு. அதுவும் காப்பின் காந்தத்தால் அசையத்தக்க அளவினதன்று.

சூழ்நிலைக்கும் காந்தக் குணத்துக்கும் உள்ள இவ்வுறவை நுணுகி அளந்தவருள் ஒருவர் தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928 முதல் 1933 வரை டாக்காவில் பணியாற்றியபோது, சிறு படிகங்களை மெல்லிய இழையில் காந்தப் புலத்தினுள் தொங்கவிட்டு, அவை திரும்பும் முறுக்கத்தை அளந்தார். ஒரே படிகம் ஒரு திசையில் ஒரு விதமாகவும் மறு திசையில் வேறு விதமாகவும் காந்தத்துக்கு இசைகிறது. படிகத்துக்குள் ஓர் உலோக அணுவைச் சூழ்ந்த அண்டைகளின் அமைப்பை அவ்வளவைக்கொண்டே உய்த்துணரலாம் என்று காட்டினார். 1947இல் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநரானவரும் அவரே.

அண்டை என்றோம், நிற்கும் நிலமும் ஓர் அண்டையன்றோ? அதைத்தான் இக்காலத்து ஆய்வாளர் வினவுகின்றனர். ஹீமோகுளோபினில் இரும்பணு, நான்கு நைட்ரஜன் அணுக்களையுடைய தட்டையான வளையமொன்றின் நடுவே, மோதிரத்திற் பதித்த கல்லெனப் பொருந்தியிருக்கிறது. கேரித் தீவின் செம்பனை ஓலைப் பச்சையத்திலும் ஏறக்குறைய அவ்வளையமே. நடுவில் மட்டும் மக்னீசியம். அச்சகத்து நீல மையிலும் அதற்கு உறவான தாலோசயனின் என்னும் வளையமுண்டு, நடுவில் செம்பு. இத்தகைய மூலக்கூறுகளைத் தூய உலோகப் பரப்பின்மேல் ஒவ்வொன்றாய்ப் படியவைத்து, 1981இல் கண்டறியப்பட்ட ஊடுருவு நுண்ணோக்கியின் ஊசிமுனையால் தடவிப் பார்க்கின்றனர்.

அவர்கள் கண்டது என்ன? நடுவில் கோபால்ட்டு உள்ள தாலோசயனின், தனித்திருக்கையில் காந்தக் குணமுடையது. தங்கத்தின்மேல் வைத்தவுடன் அக்குணம் அடங்கிவிடுகிறது. 2005இல் சீனாவின் ஹெபெய் நகரத்து ஆய்வாளர், அம்மூலக்கூறின் ஓரங்களிலிருந்து எட்டு ஹைட்ரஜன் அணுக்களை ஊசிமுனையின் மின்துடிப்பால் கொய்தெடுத்தனர். ஓரங்கள் தங்கத்தைப் பற்றிக்கொள்ள, நடு சற்றே மேலெழும்பிற்று. அடங்கிய காந்தம் மீண்டது. 2007இல் ஜெர்மனியில், இரும்புடைய வளையங்களைக் காந்தமேறிய நிக்கல், கோபால்ட்டுப் படலங்களின்மேல் வைத்தனர். படலத்தின் காந்தம் நோக்கிய திசையையே அவையும் நோக்கின. இரண்டுக்கும் இடையில் ஆக்சிஜன் அணுக்களின் ஒற்றை அடுக்கு புகுந்தபோது, அதே இரும்பு நேர் எதிர்த்திசை நோக்கிற்று. அணு மாறவில்லை, காலடி நிலம் மாறிற்று.

ஒற்றை மூலக்கூறில் காந்த நினைவைத் தேக்கிச் செய்தி சேமிக்க இயலுமா என்பதே இவ்வுழைப்பின் ஒரு நோக்கம். 2009இல் நான்கு இரும்பணு கொண்ட மூலக்கூறுகள் தங்கத்தின்மேலும் காந்த நினைவைக் காத்தன. எனினும் முழுக்குளிர்ச்சிக்கு ஒரு பாகை கூட மேலில்லாத கடுங்குளிரில்தான். 2018இல் டிஸ்புரோசியம் கொண்ட மூலக்கூறொன்று, திடநிலையில், 80 கெல்வின் வரை நினைவைத் தாங்கிற்று. மனித உடலின் வெப்பமோ 310 கெல்வின். ஆய்வுக்கூடத்தார் இத்தனை குளிரில் இத்தனை பாடுபட்டுப் பெறுவதை, மாடியறையில் காப்பு விற்றவர் மணிக்கட்டிலேயே நிகழ்த்திவிட்டாராம்!

காந்தத்துக்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனையின் காந்த அதிர்வுப் படக்கருவி, பெரும்பாலும் 1.5 டெஸ்லா வலிமையுள்ளது. அதனுள் படுத்தவர் குருதி ஒருபுறமாய் ஓடித் தேங்குவதில்லை. ஆனால் ஆக்சிஜன் சேர்ந்த குருதிக்கும் சேராத குருதிக்கும் உள்ள அந்த நுண்ணிய காந்த வேறுபாட்டை வைத்தே, மூளையின் எப்பகுதி உழைக்கிறதென்று படமெடுக்கலாம் என 1990இல் ஓகாவா என்பார் காட்டினார். மெய்யறிவு அவ்வேறுபாட்டை அளந்து பயன் கொள்கிறது. போலியறிவு அதன் பெயரை மட்டும் திருடிக்கொள்கிறது. காந்தப் பட்டைகளைச் சோதித்தவரும் உளர். 2013இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார், மூட்டழற்சியுடைய 70 பேருக்குக் காந்தப் பட்டையையும் செம்புக் காப்பையும் காந்தமற்ற போலிப் பட்டையையும் மாற்றி மாற்றி அணிவித்தனர். போலியைவிட மற்றவை மேலாகவில்லை.

இங்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. "தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்துக்கே ஆவான், இன்ன குலத்தானுக்கு இன்ன புத்தி" என்று தீர்ப்புரைப்போர் இந்நாட்டுத் தமிழரிடையிலும் இருக்கின்றனர். அணுவைக் காட்டி மனிதனை நிரூபிக்க நாம் வரவில்லை. உவமையை நிரூபணமாக்கியதே காப்பு விற்றவர் செய்த குற்றம். அதை நாமும் செய்தல் தகாது. ஆயினும் இவ்வளவு கேட்கலாம்: ஓர் இரும்பணுவின் குணத்தையே அதன் பெயரை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாதெனில், ஒரு மனிதனின் குணத்தை அவன் குலப்பெயர் கேட்டு அளப்பவர் எதைக் கொண்டு அளக்கின்றனர்?

ஆதலின் அன்பர்களே! காந்தத்தின் பெயரால் எவரேனும் உங்கள் இல்லத்துக்கு வந்தால், எந்த இரும்பு, எதனோடு சேர்ந்த இரும்பு, எதன்மேல் நிற்கும் இரும்பு என்று கேளுங்கள். விடை வாராவிடின் வாசலைக் காட்டுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இந்நாட்டுக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. அந்தக் காப்புக்குக் கொடுத்த பணத்தில் மாமா 480 முறை மருத்துவரைக் கண்டிருக்கலாம்.