நாளேடும் நாமும்

காலைத் தொழுகை முடித்து வீடு திரும்பும் வழியில் நாளேடு வாங்கி வருவது நம் தந்தையார் நமக்கு விட்டுச் சென்ற வழக்கம். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். எனினும் தலைப்புச் செய்தி முதல் வரி விளம்பரம் வரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்காமல் கடையைத் திறக்க மாட்டார். “படிச்சதை மறந்திடாதே வாப்பா, வெட்டி ஒட்டி வை” என்பார். அவ்வாறு ஒட்டத் தொடங்கிய குறிப்பேடுகள் பதினொன்று இன்று நம் அலமாரியில் உள்ளன.

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர்கள் வந்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் எழுதித் தருவதே நம் எண்ணமாக இருந்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டின் குறிப்பேட்டைப் புரட்டியபொழுது, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான பக்கங்கள் நம்மை நிறுத்திவிட்டன. அறிவியல், அரசியல், சமுதாயம் என அவை வெவ்வேறு செய்திகள். ஆனால் அவை அனைத்தும் நம்மையே சுட்டிப் பேசுவனவாய்த் தோன்றின.

நிலவின் மண்

2023 ஆகஸ்டு 23, மாலை 6.04 மணி. சந்திரயான்-3 சுமந்து சென்ற விக்ரம் கலம் நிலவில் மெல்ல இறங்கியது. சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, சீனா ஆகியவற்றை அடுத்து நிலவில் மெல்லத் தரையிறங்கிய நான்காவது நாடாக இந்தியா ஆயிற்று. நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கிய முதல் நாடு என்னும் பெருமையும் சேர்ந்தது. கல்லூரிக் கூட்டரங்கில் மாணவர்களோடு நாமும் எழுந்து நின்று கைதட்டினோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பட்டயப் படிப்பில் தொடங்கி உயர்ந்தவர் என்று அறிந்து கண் கலங்கினோம். சோதனைகளுக்கு வேண்டிய நிலவு மண்ணை ஒத்த மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்து சென்றது என்பதும் நமக்குப் பெருமிதம் தந்தது.

மறுநாள் வகுப்பில் நாம் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினோம். ஓட்டுநர் இன்றிச் செல்லும் விண்ணூர்தியைப் புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அன்றே பாடிவிட்டார் என்று முழங்கினோம். கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அவர் பாடினார். நாம் ஏன் அப்போதே செய்யவில்லை?” என்று பணிவாகக் கேட்டார். மணி அடித்தது நமக்கு வசதியாயிற்று.

அவ்வினாவுக்கு விடை பின்னர் நாளேட்டிலேயே கிடைத்தது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் இறங்கு கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. அதன் பின்னர் நம் அறிவியலாளர்கள் வெற்றிக்கு எவை வேண்டும் என்று மட்டும் எண்ணவில்லை. எவையெல்லாம் தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாக எண்ணினர். கலத்தின் கால்களை வலுப்படுத்தினர். எரிபொருளைக் கூட்டினர். முன்பு 500 மீட்டர் நீள அகலமாயிருந்த இறங்கிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரித்தனர். தம் பிழையைத் தாமே பட்டியலிடும் துணிவே அறிவியல் என்று நாம் உணர்ந்தோம். புகழ் பாடுவது நமக்குக் கைவந்த கலை. பிழைப் பட்டியல் எழுத நாம் பழகவில்லை. ஆகவே இக்கட்டுரையில் அதனை முயல்கிறோம்.

ஒரு மதிப்பெண் பட்டியல்

அடுத்த பத்தாம் நாள், செப்டம்பர் 2 அன்று, கதிரவனை ஆராயும் ஆதித்யா-எல்1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், கிரகண மறைப்பு ஏதுமின்றிக் கதிரவனை இடைவிடாது நோக்கத்தக்க இடத்தை அது 2024 சனவரி 6 அன்று அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1987இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். தந்தையார் கணிதம் பயின்றும் உழவைத் தொழிலாக ஏற்றவர்.

அப்படத்தை வெட்டும்போது நம் கை நடுங்கியது. நம் மூத்த தமக்கையார், நாம் ‘லாத்தா’ என்றழைப்பவர், 1990இல் பத்தாம் வகுப்பில் கணக்கில் 97 மதிப்பெண் பெற்றவர். மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தது. பேருந்தில் போய்வர வேண்டும். “ஊர் என்ன சொல்லும்?” என்ற ஒரே கேள்வியில் அவருடைய படிப்பு முடிந்தது. நிறுத்தியவர் வேறு யாருமல்லர், நாளேட்டை வரி விடாமல் படித்த நம் தந்தையாரேதாம். பத்து வயதுச் சிறுவனாகிய நமக்கு லாத்தாவின் ஜாமெட்ரி பெட்டி வந்து சேர்ந்தது. மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டோம்.

அன்று மாலை தொலைபேசியில், “லாத்தா, செய்தி பார்த்தீங்களா?” என்றோம்.

“பார்த்தேன் தம்பி. அவங்க வாப்பா படிக்க விட்டிருக்காங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் பெட்டியை நீ என்ன செஞ்சே?” என்று கேட்டார்.

அதனை எங்கே தொலைத்தோம் என்பதுகூட நமக்கு நினைவில்லை.

அதே மாதம் 20ஆம் நாள் மக்களவையிலும் 21ஆம் நாள் மாநிலங்களவையிலும் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. 1996இல் முதன்முதல் கொணரப்பட்ட எண்ணம் சட்டமாக 27 ஆண்டுகள் ஆயின. அப்பொழுதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி வரையறை ஆகியவற்றுக்குப் பின்னரே நடைமுறை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. இத்தாமதத்தை ஆசிரியர் அறையில் நாம் கடுமையாகச் சாடினோம். சாடிய நமக்கு முந்தைய ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நம் வகுப்பின் முதல் மாணவியை, திருமணம் நிச்சயமாயிற்று என்று சொல்லி, இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்த அவர் தந்தையார் வந்திருந்தார். நாம் மாற்றுச் சான்றிதழுக்கான படிவத்தில் கையொப்பமிட்டு, “நல்லாயிருக்கட்டும்” என்றோம். இரண்டு நிமிட வேலை. நாடாளுமன்றத்துக்கு 27 ஆண்டுகள் ஆனதைச் சாடிய நாம், ஒரு தந்தையிடம் பேசப் பத்து நிமிடம் ஒதுக்கவில்லை. கல்வியைக் கடமையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுகிறோம் என்று மீலாது மேடைகளில் பேசுவதும் நாமே.

பத்தடி ஆழம்

மூன்றாவது செய்தி 2023 அக்டோபர் 20ஆம் நாளுக்குரியது. சாக்கடையில் இறங்கி உயிரிழப்போர் குடும்பத்துக்கு வழங்கும் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதரைக் கொண்டு மலக்குழிகளைத் துப்புரவு செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு திரளும். அளவு மிகுந்தால் அது முகரும் உணர்வையே முதலில் அழித்துவிடும். ஆகவே இறங்கியவர் ஆபத்தை அறியார். அவரைத் தூக்க இறங்கியவரும் மாள்வார். இவ்வறிவு புதியதன்று. தடுக்கும் கருவிகளும் உள்ளன.

2016இல் நம் வீட்டுத் தொட்டி நிறைந்தபோது, சட்டம் வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நாம் ஒருவரை அழைத்து இறக்கினோம். இயந்திர வண்டிக்கு வாடகை கூடுதல் என்பதே காரணம். பத்தடி ஆழம் இருக்கும். பாதி வேலையில் தலை சுற்றுகிறது என்று ஏறி வந்து வாசற்படியில் அமர்ந்தார். இறையருளால் அவர் பிழைத்தார். நாம் தண்ணீர் கொடுத்தோம். வீட்டுக் குவளையில் அன்று, எறிந்துவிடத் தக்க பழைய பிளாஸ்டிக் பாட்டிலில். அவர் பெயரையும் நாம் கேட்கவில்லை. ஐவேளையும் பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் நம் கைதான் அப்பாட்டிலைத் தேடி எடுத்தது. மூன்று லட்சத்து எண்பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மனிதரின்றிக் கலத்தை இறக்கிய நாட்டில், பத்தடிக்கு மனிதரை இறக்கியவர் யாரோ அல்லர், நாமேதாம்.

பிழைப் பட்டியல் இவ்வளவே. திருத்தம் சிறிது செய்தோம். இப்பொழுது நம் தெருவில் உறிஞ்சு வண்டி மட்டுமே வருகிறது. எவரையும் இறக்கக் கூடாது என்று அண்டை வீட்டாரிடம் பேசி முடிவு செய்தோம். சென்ற ஆண்டு மற்றொரு மாணவியின் தந்தையார் சான்றிதழ் கேட்டு வந்தபோது, நாற்காலி கொடுத்து அமர வைத்து, லாத்தாவின் கதையைச் சொன்னோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அம்மாணவி இன்றும் வகுப்புக்கு வருகிறார். முன்பு சென்றுவிட்ட மாணவியை மட்டும் நம்மால் திருப்பி அழைக்க இயலவில்லை.

மாணவச் செல்வங்களே, பெரியோர்களே! நாளேடு படியுங்கள். வியப்பதற்கும் வைவதற்கும் மட்டும் படிக்காதீர்கள். வெட்டி ஒட்டும் ஒவ்வொரு செய்தியின் கீழும், இதில் நம் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். ஆதித்யா செய்தியின் கீழே நாம் எழுதியிருக்கும் வரி இது: “லாத்தாவின் பேத்திக்கு ஒரு ஜாமெட்ரி பெட்டி வாங்க வேண்டும்.” வாங்கிவிட்டோம். அதனைக் கையில் வாங்கிப் பேத்தியிடம் கொடுக்குமுன், லாத்தா ஒருமுறை திறந்து பார்த்தார்.