நூர்ஜஹானும் என் தமக்கையும்

போடிநாயக்கனூரில் பெண்பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஓதிக்கொடுக்கும் பணி என்னுடையது. பாடம் முடிந்து மஃரிபுக்குச் சிறிது நேரம் மீதமிருக்குமானால், ஏதேனும் ஒரு சரித்திரக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவைப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு சொல்லிச் சொல்லி நாவுக்குப் பழகிப்போன கதைகளுள் ஒன்று, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானின் கதை.

நீதி கேட்டு வருவோர் இழுப்பதற்கென்று பொற்சங்கிலியில் மணிகள் கட்டித் தொங்கவிட்ட மன்னர், பிறன் மனைவி ஒருத்தியின் அழகில் மயங்கினார். அவள் கணவனைச் சூழ்ச்சியால் கொல்வித்தார். பின்பு அவளை மணந்தார். அவளோ மதுக்கிண்ணத்தை மன்னர் கையில் கொடுத்துவிட்டு, ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தந்தைக்கும் மகனுக்கும் போர் மூட்டினாள். கதை இவ்வளவுதான். பெண்ணின் கைக்குள் அடங்கிய வீடும் நாடும் விளங்கா என்ற உபதேசத்தோடு அதை முடிப்பேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் முடித்துவந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஹதீஸ் கலையில் ‘ஸனது’ என்னும் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அன்றைய பாடம் அமைந்திருந்தது. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, சொன்னவர் நாணயமானவர்தானா என்றெல்லாம் துருவிப் பார்க்காமல் எந்தச் செய்தியையும் ஏற்கலாகாது என்று விரிவாகச் சொல்லிக்கொடுத்தேன். பாடம் முடிந்ததும் வழக்கம்போல் நூர்ஜஹான் கதை. கதை முடிந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் பறித்துவரும் ஒரு தாயின் மகள் அவள்.

“ஹஜ்ரத், இந்தக் கதைக்கு ஸனது இருக்கா?” என்று கேட்டாள்.

துடுக்காகக் கேட்கவில்லை. பாடத்தை நன்கு விளங்கிக்கொண்ட பிள்ளை கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. “நாளை பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பெருநாள் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் தமக்கை மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள் ஓர் ஆங்கில நூலை அனுப்பிவைத்தான். வரலாற்றாசிரியர் ரூபி லால் எழுதி 2018-இல் வெளிவந்த நூர்ஜஹானின் வாழ்க்கை வரலாறு. என் ஆங்கிலம் அகராதியின் கைப்பிடித்து நடப்பது. ஆயினும் மூன்று மாதத்தில் வாசித்து முடித்தேன். அதன்பின் அதற்கு முந்தியவர்கள் எழுதியவற்றையும் தேடலானேன்.

நான் கற்ற கலையில் இமாம் தஹபீயின் ‘மீஸானுல் இஃதிதால்’ பெயர்பெற்ற நூல். அறிவிப்பாளர்களை நிறுத்துப் பார்க்கும் தராசு அது. சமகாலத்தவர்கள், அதிலும் தம்முள் போட்டி உடையவர்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்ன குறைகளைச் சான்றின்றி ஏற்கக்கூடாது என்பது அக்கலையின் அறிஞர்கள் வகுத்த விதி. இந்த விதியை நூர்ஜஹான் கதையின்மேல் வைத்துப் பார்த்தபோதுதான், நான் இத்தனை காலம் யாருடைய வாயால் பேசிவந்தேன் என்பது தெரிந்தது.

மெஹ்ருன்னிஸா என்னும் இயற்பெயருடைய அவர் 1577-இல், பாரசீகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்துகொண்டிருந்த பெற்றோருக்குக் கந்தஹார் அருகே பிறந்தார். முதற்கணவர் ஷேர் ஆப்கன் 1607-இல் வங்காளத்துப் பர்த்வானில், அம்மாகாண ஆளுநரோடு நேர்ந்த கைகலப்பில் மாண்டார். ஒரு பெண்குழந்தையோடு விதவையாகி அரண்மனைப் பெண்டிரின் நிழலில் வாழ்ந்தவரை ஜஹாங்கீர் 1611-இல் மணந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. மன்னரே கொலைசெய்வித்தார் என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. அக்கதை காலம் செல்லச் செல்லப் பருத்தது. 18-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் டௌ என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய இந்துஸ்தான வரலாற்றில் அது ஒரு நாடகம்போல் அலங்கரிக்கப்பட்டுவிட்டது.

மதுக்கிண்ணத்தின் கதை இன்னும் வியப்பானது. ஜஹாங்கீர் தம் கைப்பட எழுதிய நினைவுக்குறிப்புகள் நம்மிடம் இருக்கின்றன. 1621-இல் தாம் நோயுற்றிருந்தபோது, மருத்துவர்களைக் காட்டிலும் நூர்ஜஹானின் அறிவையும் அனுபவத்தையுமே பெரிதும் நம்பியதாகவும், அவர் தம் மதுவின் அளவைப் படிப்படியாகக் குறைத்ததாகவும் மன்னரே எழுதிவைத்திருக்கிறார். கிண்ணத்தைக் கொடுத்தவர் என்று நான் பழித்தவர், கிண்ணத்தை விலக்கியவர். சம்பந்தப்பட்ட கணவரின் வாக்குமூலத்தைவிட வலுவான அறிவிப்பு வேறு எது?

அப்படியானால் பழி எங்கிருந்து வந்தது? நூர்ஜஹான் தம் முதற்கணவர்வழிப் பிறந்த மகள் லாட்லியை இளவரசர் ஷஹ்ரியாருக்கு 1621-இல் மணமுடித்தார். அடுத்த ஆண்டே இளவரசர் குர்ரம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தார். 1627-இல் ஜஹாங்கீர் மறைந்தார். நூர்ஜஹானின் உடன்பிறந்த சகோதரர் ஆஸஃப் கான் தம் மருமகன் குர்ரமின் பக்கம் நின்றார். குர்ரம் ஷாஜஹானாக 1628-இல் அரியணை ஏறினார்; ஷஹ்ரியார் கொல்லப்பட்டார். இதற்குப் பின் எழுதப்பட்ட ஏடுகள் வென்றவரின் நிழலில் எழுதப்பட்டவை. தந்தைக்கு எதிராக வாளெடுத்த மகனின் பிழையை யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. சிற்றன்னையின் தலை வசதியாக இருந்தது. போட்டியாளரின் சாட்சியம் என்று ஹதீஸ் கலை ஒதுக்கிவைப்பதை நாம் சரித்திரம் என்று ஓதிவந்திருக்கிறோம்.

இப்பழி ஒரே நாளில் விலகிவிடவில்லை. 1922-இல் ஜஹாங்கீர் வரலாற்றை எழுதிய பேனி பிரசாத், ஷேர் ஆப்கன் கொலைக்கதையை ஆதாரமற்றதென்று தள்ளினார். ஆனால் அவரே, நூர்ஜஹானும் தந்தையும் சகோதரரும் குர்ரமும் ஒரு குழுவாகச் சேர்ந்து அரசைக் கைப்பற்றியிருந்தனர் என்றொரு கோட்பாட்டையும் நிறுவினார். 1958-இல் பேராசிரியர் நூருல் ஹசன், யாருக்கு எப்போது என்ன பதவி உயர்வு கிடைத்தது என்று கணக்குப் பார்த்து அக்கோட்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கினார். 1993-இல் எலிசன் பாங்க்ஸ் ஃபிண்ட்லி முழு வாழ்க்கை வரலாறு ஒன்றைத் தந்தார். அந்த வழியில் வந்ததே ரூபி லாலின் நூல்.

அந்நூல் நூர்ஜஹானைப் புகழ்ந்து பாடியிருந்தால் என் மனம் மாறியிராது. புகழ்ச்சியை நான் எளிதில் நம்புவதில்லை. அது சான்றுகளை எடுத்து முன்வைத்தது. அவர் பெயர் பொறித்த நாணயங்கள். அவர் பெயரால் வெளியான ஆணைகள். 1617-இல் ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை அவர் வீழ்த்தியதை ஜஹாங்கீர் பெருமிதத்தோடு எழுதிய குறிப்பு. கையில் துப்பாக்கியோடு அவர் நிற்கும் ஓவியம். அபுல் ஹசன் தீட்டிய அது இன்றும் ராம்பூர் ரஸா நூலகத்தில் இருக்கிறது. தாஜ்மஹாலுக்கு முன்பே ஆக்ராவில் தம் பெற்றோருக்காக அவர் எழுப்பிய வெண்பளிங்கு அடக்கத்தலம். 1626-இல் ஜீலம் நதிக்கரையில் தளபதி மஹாபத் கான் மன்னரைச் சிறைப்படுத்தியபோது, கைக்குழந்தையான பேத்தியை யானை மேல் தம்முடன் வைத்துக்கொண்டு அம்புமழைக்கிடையே ஆற்றைக் கடக்க முயன்றவர் அவர். அது கைகூடாமற்போகவே தாமே சென்று சரணடைந்து, கணவருடன் சிறையிருந்து, சில மாதங்களில் உபாயத்தால் அவரை மீட்டார். மதுவில் மூழ்கிய கணவன் எக்கேடும் கெடட்டும் என்றிருக்கும் பெண் செய்யும் காரியமா இது?

அவர் குற்றமே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. மருமகனுக்கு அரியணை தேடியது அரசியல்தான். அதில் அவர் தோற்றார். 1645-இல் மறையும்வரை லாகூரில் ஒதுங்கி வாழ்ந்தார். ஆண்கள் செய்தால் ராஜதந்திரம் எனப்படுவதை அவர் செய்தபோது சூழ்ச்சி என்றோம். நல்ல வாழ்க்கை வரலாறு இரண்டு தட்டுகளையும் ஒரே எடைக்கல்லால் நிறுக்கிறது. அது செய்வது அவ்வளவே.

இதற்கு நாம் ஆக்ராவுக்குப் போகவேண்டுவதும் இல்லை. எங்கள் போடி, மதுரை நாயக்கர்களின் பாளையங்களுள் ஒன்றாயிருந்த ஊர். சொக்கநாத நாயக்கரின் மனைவி மங்கம்மாள் 1689 முதல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பேரன் பெயரால் ஆண்டார். அவர் பெயரில் சாலை உண்டு. மதுரையில் சத்திரம் உண்டு. அவரை அமைச்சரோடு சேர்த்துப் பேசும் வம்பும் கூடவே உண்டு. சாலையில் நடந்துகொண்டே வம்பையும் பேசிப் போனவர்கள்தாம் நாம்.

இவ்வளவும் படித்து முடித்த ஓர் இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. நூலை அனுப்பியவன் யார் மகன் என்ற நினைவு அப்போதுதான் நெஞ்சில் தைத்தது.

என் தமக்கை என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருபத்தாறு வயதில் கைம்பெண்ணானார். மடியில் இரண்டு வயது மகன். இத்தா முடிந்து இரண்டாண்டு கழித்து, இவ்வூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒருவருக்கு அவரை நிக்காஹ் செய்துகொடுத்தோம். 1995-இல் மச்சானைப் பக்கவாதம் வீழ்த்தியது. பேச்சுக் குழறியது, வலக்கை விளங்கவில்லை. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் சிறு தோட்டக்காரர்களுக்குக் கொடுத்திருந்த முன்பணம் அப்படியே மலையில் நின்றது. அக்கா முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். முந்தலைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போடிமெட்டு ஏறி, தோட்டக்காரர்களைக் கண்டு, வரவேண்டிய காயை வரவழைத்தார். வீட்டு முற்றத்தில் பெண்களை வைத்துச் சலித்துத் தரம் பிரித்தார். நிறம் வெளுக்காமல் இருட்டில் மூட்டை கட்டி, விலை பார்த்து விற்றார். மாலையில் வந்து மச்சானுக்குக் கஞ்சி ஊட்டினார்.

ஊர் பேசாமல் இருக்குமா? “வந்து நாலு வருசத்துல மனுசன முடக்கிப்போட்டு யாவாரத்தப் புடிச்சுக்கிட்டா” என்றார்கள். ஒருநாள் இஷாவுக்குப் பின் பெரியவர்கள் சிலர் என்னிடம் ஜாடையாகக் கேட்டார்கள். நான் அப்போது புதிதாகத் தலைப்பாகை கட்டிய ஆலிம்; பிறர் முன் மானம் பெரிதாகத் தெரிந்த வயது. “நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க. மச்சானே அவங்க கைக்குள்ளதான்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஊர் வம்புக்கு அதுவரை ஸனது இல்லை. இப்போது கிடைத்துவிட்டது: ஹஜ்ரத்தே சொன்னார், கூடப்பிறந்த தம்பியே சொன்னார். மச்சானின் உறவினர்கள் அவரைக் ‘காப்பாற்ற’ வந்து, கணக்கையும் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். நானும் அக்காவிடம் சென்று, இனி மலைக்குப் போகவேண்டாம் என்றேன்.

“நா போகலேன்னா அவருக்கு மருந்து எங்கேருந்து தம்பி வரும்?” என்று கேட்டார். நான் பொறுமையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. இரண்டாண்டில் வியாபாரம் இருந்த இடம் தெரியவில்லை. பின்பு வீடும் போயிற்று. அக்கா பிறர் வீட்டு முற்றத்தில் கூலிக்குக் காய் பொறுக்கி மகனைப் படிக்கவைத்தார். மச்சானுக்குப் பின் அவரும் 2014-இல் மௌத்தானார். என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை.

நூலை முடித்தபின் மருமகனிடம் அவன் தாயின் கணக்கு நோட்டுகளைக் கேட்டேன். “எதுக்கு மாமு?” என்றான். “பாக்கணும்” என்றேன். பெட்டியின் அடியிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்துத் தந்தான். மகன் எழுதிப் பழகிய கோடு போட்ட நோட்டுகள். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு முன்பணம், எவ்வளவு திரும்பியது, எத்தனை கிலோ காய், என்ன விலை என்று நாள்வாரியாக இருந்தது. ஒவ்வொரு வாரத்திலும் மச்சானின் மருந்துச் செலவு தனி வரியில். மச்சான் பெயரால் பட்டிருந்த கடன்கள் ஒவ்வொன்றாய் அடிக்கப்பட்டிருந்தன. இன்னும் மூன்றே கடன்கள் பாக்கி இருந்த பக்கத்தில் கையெழுத்து நின்றுபோயிருந்தது. அது நான் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசிய மாதம்.

அரசிகளுக்கு நாணயமும் கட்டடமும் எஞ்சி நிற்கின்றன. முந்நூறு ஆண்டு, நானூறு ஆண்டு கழித்தேனும் ஒருவர் வந்து அவற்றைப் படித்துப் பழியைத் துடைக்கிறார். ஏலக்காய்ப் பொடி படிந்த இரண்டு நோட்டுகளை யார் வந்து படிப்பார்கள்? படிக்கவேண்டியவன் பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன், படிக்காமலே அறிவித்தேன்.

மறுவாரம் வகுப்பில் நூர்ஜஹான் கதையை மீண்டும் எடுத்தேன். முன்பு சொன்னதற்கு ஸனது இல்லை என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு மன்னரின் குறிப்பையும் ஜீலம் நதியையும் சொன்னேன். கேள்வி கேட்ட சிறுமி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மற்றொரு கதையை அன்று சொல்லத் துணிவு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தாம் அறிவித்தது பிழையென்று கண்டால் அறிவிப்பாளர் அதைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறவேண்டும் என்பது நாங்கள் ஓதிய ஒழுக்கம். என் தமக்கையைப் பற்றி நான் 1996-இல் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன சொல், என் கண்ணால் பார்த்ததன்று; விசாரித்து அறிந்ததன்று. அது பொய். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதை என்னிடமிருந்து கேட்டவர்கள், கேட்டதாகப் பிறரிடம் சொன்னவர்கள், இதையும் அவர்களிடம் சொல்லிவிடும்படி வேண்டுகிறேன்.