கம்பி மறையும் தூரம்

காட்டுக்குப் போய்ப் படமெடுப்பவர்கள் என்னைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிற ஆளுக்குக் கபினியோ பந்திப்பூரோ எப்போதாவது கைகூடினாலே பெரிது. வண்டலூருக்கோ தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் போதும். பழசாக வாங்கிய 70-300 லென்ஸ், தண்ணீர் பாட்டில், கேமராவுக்கென்று தனி டிக்கெட், அவ்வளவுதான் செலவு. "என்ன சார், மறுபடியும் ஜூவா?" என்று கேமரா நண்பர்கள் கேட்பார்கள். மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்க்கிற பார்வை அது.

எனக்கு ஜூ பிடிக்கும். இந்தக் காலத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. விலங்குகளை அடைத்து வைப்பது சரியா என்று வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது சென்னைக்கே பழைய ஆசை. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர், அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் அள்ளியது. பிறகு அவை சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. என் அப்பா தலைமுறையில் வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் காட்டுவதற்கு உயிர் காலேஜ், செத்த காலேஜ் என்று இரண்டு இடங்கள் தயாராக இருக்கும். முதலாவது ஜூ, இரண்டாவது மியூசியம். உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. மீட்பு மையத்தையும் சேர்த்தால் 602 ஹெக்டேர். நடந்து சுற்றினால் கால் கழன்றுவிடும். பேட்டரி வண்டியில் சுற்றினால் படம் ஒன்றும் கிடைக்காது.

டெலிஃபோட்டோ லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் என்றுதான் கடைக்காரர் சொல்லி விற்றார். ஜூவில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. விலங்கு பெரும்பாலும் இருபது முப்பது மீட்டருக்குள்தான் இருக்கும். அங்கே அந்த லென்ஸ் செய்கிற உண்மையான வேலை வேறு. கம்பியை அது காணாமல் அடித்துவிடும்.

எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். 300 மில்லிமீட்டரில் அப்பர்ச்சரை 5.6இல் திறந்து வைத்தால், ஒளி நுழைகிற வாயின் அகலம் 300ஐ 5.6ஆல் வகுத்தது, அதாவது ஏறக்குறைய 54 மில்லிமீட்டர். முன்னால் இருக்கும் வலைக்கம்பியின் தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். புலியின் முகத்திலிருந்து கிளம்பும் ஒளி கம்பியின் இரு பக்கமும் வழிந்து உள்ளே வந்துவிடுகிறது. கம்பியின் சொந்த உருவமோ ஃபோகஸுக்கு வெளியே கரைந்து படம் முழுக்கப் பரவிவிடுகிறது. அதே அப்பர்ச்சரை 16க்கு மூடினால் வாய் 19 மில்லிமீட்டராகச் சுருங்கும். அப்போது கம்பி சாம்பல் பட்டைகளாகத் திரும்பி வந்து புலியின் மூக்கில் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்.

வெயில் படும் கம்பி என்றால் இந்தக் கணக்கெல்லாம் பாதிதான் பலிக்கும். துத்தநாகம் பூசிய வெள்ளைக் கம்பியில் சூரியன் அடித்தால், அது கரைந்தாலும் படத்தின் மேல் பால் ஊற்றியதுபோல் ஒரு வெளிறலை விட்டுப் போகும். அதனால் விலங்கு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன் கம்பியில் நிழல் விழும் இடம் எது என்று பார்க்கப் பழகினேன். கறுப்புச் சாயம் அடித்த வலை கிடைத்தால் அன்று அதிர்ஷ்டம். விலங்கு வலையை ஒட்டி நின்றால் எந்த லென்ஸும் உதவாது, அது இரண்டடி தள்ளிப் போகும்வரை நிற்க வேண்டியதுதான். ஆட்டோஃபோகஸ் வேறு புலியை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணில் பிடிப்பேன். அதுவும் அடம்பிடித்தால் கையாலேயே திருகிவிடுவேன். 20 மீட்டரில் நிற்கும் விலங்குக்கு இந்த லென்ஸ் தருகிற தெளிவின் ஆழம், என் சின்ன சென்சார் கேமராவில், ஏறக்குறைய ஒரு மீட்டர். கண்ணைப் பிடித்துவிட்டால் மற்றது தானாக அமையும்.

வெளிச்ச அளவைப் பற்றி ஒன்று. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளைப் புலி சட்டத்தை நிறைத்தால் அதைச் சாம்பலாக்கும். கரடி நிறைத்தால் கரடியையும் சாம்பலாக்கும். புலிக்குக் கொஞ்சம் கூட்டி, கரடிக்குக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் திறந்த மண்தரையின் மேல் காற்று கானல்போல் நெளிய ஆரம்பித்துவிடும். எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் படம் மசமசவென்றுதான் வரும். அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரிப்பதே உத்தமம்.

இப்படிக் கம்பியும் பின்சுவரும் தொட்டியும் போன பிறகு மிஞ்சுவது ஒரு விலங்கின் முகம், பின்னால் பச்சை. பார்ப்பவர்கள் "எந்தக் காடு சார்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் அப்படி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி காதுக்கு இனிமையாக இருந்தது. இல்லாததைச் சொல்லி ஏமாற்றியதில்லை. "வண்டலூர்" என்று சொல்வேன், ஆனால் ஒரு நொடி தாமதித்துச் சொல்வேன்.

இந்த மறைக்கிற வித்தை லென்ஸுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர் 1907இல் ஹாம்பர்க் அருகே கம்பி வைக்காமல் அகழி வெட்டி ஒரு பூங்கா திறந்தார். எதிரே நிற்பவருக்கு அகழி தெரியாது. சிங்கம் வெட்டவெளியில் நிற்பதாகவே தெரியும். வண்டலூரில் பெரிய விலங்குகள் பலவற்றுக்கு இருப்பதும் அந்த வழிதான். நம் கண்ணுக்காக ஒரு தடவை மறைத்ததை நான் லென்ஸால் இரண்டாவது தடவை மறைக்கிறேன். சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. அகழிக்கு அப்பால் அது பிடரி மயிரைச் சிலிர்த்து உட்கார்ந்திருப்பதை 300இல் பார்த்தால் வால்பாறையில் நிற்பதாகவே மனம் நம்பிவிடும்.

என் நினைப்பு மாறியது வேறோர் ஊரின் மிருகக்காட்சிசாலையில். ஊர்ப்பெயர் வேண்டாம். பழைய காலத்துக் கூண்டு, உள்ளே ஒரு சிறுத்தை. கேமராவோடு போனவனுக்கு அது வரம் மாதிரி. கூண்டின் இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நடக்கும், அங்கே தலையைத் தூக்கித் திரும்பும், மறுபடி நடக்கும். எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் அந்த இடத்தில் ஃபோகஸை நிறுத்திவைத்துக் காத்திருந்தேன். தலை தூக்குகிற அந்தக் கணத்தில் மேலிருந்து வெளிச்சம் கண்ணில் விழும். ஒவ்வொரு தடவையும் விழுந்தது. படங்கள் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. காட்டில் வருடக்கணக்காக அலைந்தாலும் கிடைக்காத பார்வை.

வெளியே குழாயைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்த காப்பாளரிடம் கேமராத் திரையைக் காட்டினேன். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு சார்."

"நல்லா நடந்து காட்டுச்சு."

"அது எப்பவும் அப்படித்தான் சார். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து நடக்குது. எலும்பு போட்டா கொஞ்ச நேரம் நிக்கும்."

அவர் குறையாகவும் சொல்லவில்லை, புகாராகவும் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனார்.

வீட்டில் கணினியில் படங்களை வரிசையாக ஓடவிட்டபோதுதான் முழுசாகத் தெரிந்தது. எல்லாப் படத்திலும் முன்னங்கால் ஒரே இடத்தில் ஊன்றியிருந்தது. சிமென்ட் தரையில் ஒரு சின்ன வெடிப்பு. அதற்கு ஒரு விரல் தள்ளி பாதம். அடுத்த படத்தில் அதே வெடிப்பு, அதே ஒரு விரல் தூரம். படத்தில் பதிவான நேரங்களைப் பார்த்தால் ஒரு திருப்பத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளிகூட ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ராஜநடை. வரிசையாகப் பார்த்தால் அது நோய்.

விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் இப்படி நோக்கமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதை ஸ்டீரியோடைபி என்கிறார்கள். 2003இல் 'நேச்சர்' இதழில் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. காட்டில் பெரும்பரப்பில் திரிந்து வாழும் ஊனுண்ணிகள்தான் அடைபட்ட இடத்தில் இந்த நடையில் அதிகம் சிக்குகின்றன என்று அது காட்டியது. இரையை மறைத்து வைத்துத் தேடவிடுவது, புது வாசனைகளைத் தெளிப்பது, ஏற மரக்கட்டை போடுவது என்று நல்ல பூங்காக்கள் இதற்கு மருந்து தேடுகின்றன. காப்பாளர் சொன்ன எலும்பும் அந்த வகைதான்.

என்னை உறுத்தியது, என் கைத்திறன் என்று நான் நினைத்திருந்ததில் பாதி அந்த நடை கொடுத்தது என்பதுதான். அசையும் விலங்கை முன்கூட்டியே கணித்துப் படம் எடுக்கிறேன் என்று இளைஞர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அந்த விலங்கால் வேறெதுவும் செய்ய முடியவில்லை, அதனால்தான் கணிக்க முடிந்தது.

இதற்காக லென்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிடவில்லை. மறைப்பதற்குச் சமமாக அது காட்டவும் செய்கிறது. வெள்ளைப் புலி ஒன்றை நெடுநேரம் லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் ஒரு கண் மூக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பது தெரிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளைப் புலிகள் பலவற்றுக்கு மாறுகண் உண்டு. நிறத்தைக் குறைக்கும் அதே மரபணு மாற்றம் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையையும் குழப்பிவிடுகிறது. 1951இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் பிடித்த மோகன் என்ற ஒரே குட்டிதான் இன்று உலகெங்கும் அடைப்பிலிருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. அந்த நிறம் தொடர வேண்டுமென்று மோகனை அவன் மகள் ராதாவோடேயே சேர்த்தார்கள். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அழகு என்று நாம் வரிசையில் நின்று பார்ப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அந்த மாறுகண் படத்தை நான் யாருக்கும் அச்சடித்துக் கொடுத்ததில்லை. கேட்டவர்களுமில்லை.

இப்போது எடுக்கும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரே தடத்தில் நடக்கும் விலங்கை எடுப்பதில்லை. நிற்பதற்கு, படுப்பதற்கு, பக்கத்திலிருப்பதை நக்கிக்கொடுப்பதற்குக் காத்திருக்கிறேன். யானை மண்ணை வாரி முதுகில் இறைக்கிறபோது எடுக்கிறேன். அது யாருக்காகவும் செய்வதில்லை. சில படங்களில் சுவரையும் தொட்டியையும் வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். அவை அவ்வளவு அழகாக இருப்பதில்லை என்பது உண்மை. படத்தின் கீழே இடத்தின் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அந்த ஒரு நொடித் தாமதம் இல்லாமல்.

இதையெல்லாம் கேமரா நண்பர்களிடம் சொன்னபோது காட்டுக்கார நண்பர் ஒருவர் சிரித்தார். வயதில் மூத்தவர், பெரிய லென்ஸ் வைத்திருப்பவர். "அதான் சார் நாங்க ஜூ பக்கமே போறதில்ல. காட்டுல எடுத்தாத்தான் உண்மை" என்றார். உதாரணத்துக்கு ஒரு பரிசுக் கதையையும் சொன்னார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு பெற்றது, மரக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய் ஒன்றின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். "பார்த்தீங்களா, அடைச்சு வச்சதை எடுத்தா இதுதான் கதி" என்றார் நண்பர்.

நான் ஓநாய்க்கு வரவில்லை. அவருடைய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் புலிப் படத்தைப் பற்றிக் கேட்டேன். தடோபாவில் எடுத்தது. ஆளில்லாத மூங்கில் காட்டில் ஒற்றைப் புலி நம்மைப் பார்த்து நடந்துவரும். அவரோடு அதே பயணத்தில் போன இன்னொருவர் அன்றைக்கு மொபைலில் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் புலியும் இருந்தது, அதன் இரு பக்கமும் ஜிப்ஸி வண்டிகள் வரிசைகட்டி நின்றன, எழுந்து நிற்கும் ஆட்கள், நீட்டிய கைகள், "அந்தப் பக்கம் வருது" என்று சைகை காட்டும் டிரைவர். என் 300 கம்பியை அழித்ததுபோல் அவருடைய 600 வண்டிகளை அழித்திருந்தது.

"அது வேற சார்" என்றார்.

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நான் என் படங்களுக்குக் கீழே வண்டலூர் என்று எழுதுகிறேன். அவர் இன்னும் ஜிப்ஸிகளை எண்ணி எழுத ஆரம்பிக்கவில்லை.