நகர வாயிலில் ஒரு தாய்

திருக்குடும்பப் பெருவிழாவில் மறையுரை ஆற்றுவது எளிது என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். நாசரேத்தூர் இல்லம், தச்சுப் பட்டறை, அடுப்பங்கரை, கீழ்ப்படிந்த பிள்ளை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, இக்காலக் குடும்பங்களின் குறைகளைச் சுட்டி, குடும்பச் செபமாலையில் முடித்தால் மக்கள் நிறைவோடு வீடு திரும்புவர். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் ஏறத்தாழ இப்படியே செய்துவந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றியபோது, அந்த எளிமையே நம்மைத் தவறச் செய்தது.

அவ்வாண்டு புதுநன்மைக்கு ஆயத்தமாகிய சிறுவர்களை, 'எங்கள் வீடு' என்ற தலைப்பில் ஓவியம் வரையும்படி மறைக்கல்வி ஆசிரியை கேட்டிருந்தார். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் தாள் நம் கண்ணில் பட்டது. வீட்டு வாசலில் பாட்டியும் சிறுவனும் நின்றனர். தாயோ தாளின் மறுகோடியில், பெரியதொரு பெட்டியின் அருகில், காதில் கைப்பேசியை வைத்தபடி நின்றார். பெருவிழா மறையுரைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? பெயரைச் சொல்லவில்லை. "தன் பிள்ளையின் ஓவியத்தில்கூட வீட்டுக்கு வெளியே நிற்கும் அளவுக்கு ஒரு தாயை வேலை விழுங்கிவிட்டது" என்று முழங்கினோம். பலர் தலையசைத்தனர். நமக்கும் மனநிறைவாகவே இருந்தது.

மறுநாள் மாலை அந்தத் தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் அவர் மேலாளர். கோபத்தோடு வந்தவராகத் தெரியவில்லை. களைப்போடு வந்தவராகத் தெரிந்தார்.

"ஃபாதர், நேற்று நீங்கள் சொன்னது என் மகன் வரைந்த படம். அதைப் பற்றி அவனிடம் கேட்டீர்களா?"

நாம் கேட்கவில்லை.

"அந்தப் பெட்டிக்குப் பின்னால் கப்பல் இருக்கிறதாம். தாளில் இடம் போதவில்லையாம். 'எங்கள் அம்மா சொன்னால்தான் பெட்டியெல்லாம் கப்பலுக்குப் போகும்' என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நேற்றுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், 'நான் வரைந்தது தப்பா அம்மா?' என்று கேட்டான்."

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. மறுமொழி இல்லாதபோது மேய்ப்பர்கள் அறிவுரை கூறுவது வழக்கம். நாமும் கூறினோம். "உங்களை வருத்துவதற்காகச் சொல்லவில்லை அம்மா. பிள்ளை வளரும்வரை சுமை குறைந்த வேலை ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாகாதா?" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு தம் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பங்கு மக்களின் வேலையைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது அன்று புரிந்தது.

கரூரிலிருந்து துணிவகைகளும், கடலோர ஆலைகளிலிருந்து உறைய வைத்த இறாலும் லாரிகளில் வருகின்றன. சுங்கத்துறையின் ஒப்புதல் பெற்று, பெட்டகத்தில் அடுக்கி, முத்திரையிட்டு, குறித்த நேரத்துக்குள் துறைமுக வாயிலைக் கடக்கச் செய்ய வேண்டும். அந்த நேரம் தவறினால் கப்பல் காத்திராது. இங்கிருந்து புறப்படும் பெட்டகங்களில் பல, சிறு கப்பல்களில் கொழும்புக்குச் சென்று, அங்கே பெருங்கப்பலுக்கு மாறுகின்றன. அந்தப் பெருங்கப்பலுக்கு அவர்கள் தொழிலில் தாய்க்கப்பல் என்று பெயராம். "கப்பலுக்குக்கூடத் தாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் ஃபாதர். ஆனால் தாய் ஒருத்தி மேலாளராக வந்தால்தான் இடிக்கிறது" என்று மெல்லச் சிரித்தார்.

மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பியபோது, முன்பு அவர் பணிபுரிந்த நிறுவனம் அவரது பொறுப்பை வேறொருவருக்கு அளித்திருந்ததாம். கைக்குழந்தைக்காரி இரவு நேரத்தில் லாரிகளைக் கவனிப்பாளா என்ற ஐயமே காரணம். அவரிடம் எவரும் கேட்கவில்லை. அவருக்காக அவர்களே விடை சொல்லிக்கொண்டார்கள். இழந்த இடத்தை வேறொரு நிறுவனத்தில் அடைய நான்கு ஆண்டுகள் ஆயின. இதை அவர் சொன்னபோது நாம் தலைகுனிந்தோம். ஓவியம் தீட்டிய சிறுவனிடம் நாமும் கேட்கவில்லையே!

மற்றோர் இரவைப் பற்றியும் சொன்னார். இறால் ஏற்றிய பெட்டகத்தின் குளிரூட்டி பழுதாயிற்று. வீட்டில் மகனுக்குக் காய்ச்சல். "பெட்டகம் கழித்தல் 18 பாகையில் இருக்க வேண்டும். பிள்ளை 102இல் இருந்தான். விடியும்வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் சரியாயின. ஆனால் மறுநாள் முழுவதும், எதை அரைகுறையாகச் செய்தேன் என்றே மனம் கேட்டுக்கொண்டிருந்தது" என்றார். இந்தக் கேள்வியோடு வாழும் ஒருவருக்குத்தான் நாம் பீடத்திலிருந்து மேலும் ஒரு கேள்வியை எறிந்திருந்தோம்.

புறப்படும்போது வாசற்படியில் நின்று அவர் சொன்னது இன்றளவும் நம்மை விடவில்லை. "என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஆண்டில் ஒன்பது மாதம் கடலில். நான் எவ்வளவு நேரமானாலும் ஒவ்வோர் இரவும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கடல் ஞாயிறு அன்று அவரைப் போன்றவர்களின் தியாகத்தைச் சொல்லி நீங்கள் செபித்தீர்கள். நானும் அழுதேன். படத்தில் அவர் எங்கே என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை ஃபாதர்."

உண்மை. அந்தத் தாளில் தந்தை எங்கும் இல்லை. அவர் இல்லாததை நாம் கவனிக்கவே இல்லை. தந்தை தொலைவில் இருந்தால் குடும்பத்துக்காக உழைக்கிறார் என்கிறோம். தாய் துறைமுகம்வரை சென்றால் குடும்பத்தை விட்டு உழைக்கிறார் என்கிறோம். இந்த இரட்டை அளவுகோல் நம் கைக்கு எப்படி வந்தது?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம்மைப் பெற்றவளை நினைத்துக்கொண்டோம். அவள் உப்பளத் தொழிலாளி. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டுமென்று, கோழி கூவுமுன்னே தூக்குச்சட்டியோடு புறப்பட்டுவிடுவாள். நம்மை எழுப்பிப் பழைய சோறு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவள் பாட்டிதான். காலில் உப்பு அரித்த புண்களோடு அம்மா திரும்பும்போது நாம் பள்ளியில் இருப்போம். நமது முதல் திருப்பலியின் நன்றியுரையில் அவளைத் தியாகத்தின் உரு என்று போற்றினோம். அவள் பிள்ளையை விட்டுச் சென்றவள் என்று நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இல்லாமையால் ஒரு தாய் உழைத்தால் தியாகம். கற்ற கல்வியாலும் பெற்ற திறமையாலும் உழைத்தால் பேராசையா? நம் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால், உப்புச் சுமந்த அதே ஊரில் அவளும் ஒரு மேசையின்முன் அமர்ந்து கணக்குப் பார்த்திருக்கமாட்டாளா? அப்போது எந்தக் குருவானவர் அவளைக் குறித்து மறையுரை ஆற்றியிருப்பாரோ!

நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்தை அந்த இரவில் மீண்டும் எடுத்து வாசித்தோம். திருமணத் திருப்பலிகளில் எத்தனையோ முறை விளக்கிய பகுதிதான். அந்தப் பெண் நூல் நூற்பதையும், இரவில் அவள் விளக்கு அணையாதிருப்பதையும் நாம் சொல்லி வந்தோம். அவள் தொலைவிலிருந்து உணவு கொணரும் வணிகக் கப்பலுக்கு ஒப்பிடப்படுவதையும், நிலத்தை ஆய்ந்து வாங்குவதையும், வணிகருக்குச் சரக்கு அனுப்புவதையும் ஒருமுறையேனும் சொன்னோமா? அவளுடைய செயல்களே நகர வாயிலில் அவளைப் புகழட்டும் என்ற கருத்தோடுதான் அந்நூலே முடிவடைகிறது. அடுப்பங்கரைக்குள் அவளை அடைத்து வைத்தது விவிலியம் அன்று, நமது வாசிப்பே.

நாம் அன்போடு வணங்கும் சிறுமலர் குழந்தை தெரசாவின் தாய் செலி மார்ட்டினும் ஒரு தொழிலை நடத்தியவரே. பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில், பெண்களிடம் லேஸ் பின்னும் வேலையைப் பகிர்ந்தளித்து, பின்னியவற்றைச் சேர்த்து இணைத்து விற்றார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். கைக்குழந்தை தெரசா ஓராண்டளவு நாட்டுப்புறத்துச் செவிலித்தாயிடம் வளர்ந்தாள். கணவர் லூயி 1870இல் தம் கடிகாரக் கடையை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் இவ்விருவரையும் ஒருசேரப் புனிதராக அறிவித்தார். மனைவியின் பணிக்காகத் தம் கடையை விட்ட கணவரும் பீடத்துக்கு உயர்த்தப்பட்டார் என்பதை நம் ஆடவர் சிந்திப்பது நன்று.

திருச்சபையின் போதனையும் இதற்கு மாறானதன்று. மனித உழைப்பைப் பற்றி 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய சுற்றுமடல், தாய்மையின் மாண்பை உயர்த்திப் பேசுகிறது. அதே மடல், பெண் தன் முன்னேற்றத்துக்கு விலையாகக் குடும்பத்தை இழக்க நேராதபடி வேலையின் அமைப்பே மாற வேண்டும் என்கிறது. 1995இல் பெண்களுக்கு அவர் எழுதிய மடலும் பணிபுரியும் அன்னையருக்குப் பாதுகாப்பும் பணி உயர்வில் நேர்மையும் கோருகிறது. நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு பிள்ளைகளுக்கான விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்கள் ஆயிற்று. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. சட்டம் தாயைப் பார்த்து, 'நீ எப்படிச் சமாளிப்பாய்?' என்று கேட்டு நின்றுவிடவில்லை. முதலாளியைப் பார்த்து, 'நீ என்ன செய்வாய்?' என்று கேட்டது. பங்குத்தந்தையைப் பார்த்தும் யாரேனும் அப்படிக் கேட்க வேண்டும். கேட்டவர் அந்தத் தாய்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் சிறுவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். "கப்பலை எங்கே வரைந்திருப்பாய்?" என்று வினவினோம். தாளுக்கு வெளியே, மேசையின்மேல் விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அப்பா அந்தக் கப்பலில் இருக்கிறாராம். பீடத்தில் செய்த பிழையைப் பீடத்திலேயே திருத்த வேண்டும் என்பதால், அடுத்த திருப்பலியில் நமது மறையுரை தவறு என்றும் சொன்னோம்.

வார நாளில் மாலை நான்கு மணிக்கு நடந்த அன்னையர் கூட்டம், ஞாயிறு திருப்பலிக்குப் பின் பெற்றோர் கூட்டமாக மாறியது. தந்தையரும் வரவேண்டும் என்றோம். முதலில் மூவர் வந்தனர். மாலை ஏழரை வரை பிள்ளைகள் இருந்து படிக்க மறைக்கல்விக் கூடம் திறந்தது. அன்பியங்களைச் சேர்ந்த பாட்டிமார் முறைவைத்து உடனிருந்தனர். இவை பெரிய செயல்கள் அல்ல. அந்தத் தாயின் சுமை இவற்றால் தீர்ந்துவிட்டதென்றும் நாம் சொல்லமாட்டோம். லாரிகள் இரவில்தான் வருகின்றன. பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இரவில்தான் கூடுகிறது.

வாசக அன்பர்களே, உங்கள் பங்கிலும் இத்தகைய அன்னையர் இருப்பர். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டபின், எதைப் பகிர்ந்து சுமக்கலாம் என்று பாருங்கள்.

நாம் அந்தப் பங்கில் இருந்தவரை அவர் சில ஞாயிறுகளில் முதல் வாசகம் முடிந்த பின்பே கோவிலுக்குள் நுழைவார். முன்பெல்லாம் தாமதமாக வருவோரை நாம் தலைநிமிர்ந்து நோக்குவது உண்டு. பின்னாளில் அப்படி நோக்கவில்லை. கடைசி வரிசையில் மூதாட்டி ஒருவர் நகர்ந்து இடம் கொடுப்பார். தாயும் மகனும் அமர்ந்துகொள்வர். திருப்பலி தொடரும்.