கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாதம்



"சார், தினமும் புழு, பூச்சி, சிலந்தி என்றே படம் போடுகிறீர்களே, ஏற்காடு பக்கம் போகக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். முட்டிவலிக்காரனுக்கு ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக் கொல்லையே போதும்ப்பா.

போன மாதம் எங்கள் கறிவேப்பிலைச் செடியில் 5 புழுக்கள். பார்க்கக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். 4 முறை தோல் உரித்த பிறகு இலைப்பச்சை நிறம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும்.

"ரசத்துக்கு ஒரு கொத்து இலை இல்லை, மருந்து அடிங்க" என்று வீட்டில் ஒரே சத்தம். பக்கத்து வீட்டுத் தம்பி மருந்தோடு வந்தே விட்டார். போனில் இருந்த படங்களை வரிசையாகக் காட்டி, "கொஞ்ச நாள் பொறுங்க தம்பி" என்றேன்.

பிறகு நடந்ததைக் கணக்காகவே சொல்கிறேன். இரண்டைத் தவிட்டுக்குருவி கொத்திப் போனது. ஒன்றைக் காணோம். ஒரு கூட்டுப்புழுவிலிருந்து குட்டிக் குளவிகள் வெளியே வந்தன. மிச்சம் ஒன்றுதான் வண்ணத்துப்பூச்சி ஆனது. மருந்தின் வேலையைக் குருவியும் குளவியும் செய்து முடித்துவிட்டன. செடியும் துளிர்த்துவிட்டது.

வந்தது கறிவேப்பிலை அழகி, பெண். இந்தப் பெண்களில் ஒரு வகை, ரோஜா அழகி போலவே சிவப்புப் புள்ளியோடு இருக்கும். ரோஜா அழகி புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு, பறவைகள் தொடாது. அந்தப் பெயரைச் சொல்லி இதுவும் பிழைத்துக்கொள்கிறது.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செவ்வெறும்புகள் உண்டு. அவற்றில் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினேன். எட்டு! எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு திரிகிறது. பூச்சிக்கு 6 கால், சிலந்திக்கு 8 என்று ஐந்தாம் வகுப்பில் படித்தீர்களே, இதற்குத்தான்.

படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். காலை வெளிச்சம் போதும். ஃப்ளாஷ் வேண்டாம், பூச்சியைக் கையால் நகர்த்தவும் வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஒரே ஒரு வீட்டுப்பாடம். மருந்து டப்பாவை எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள். வாசல் முழுக்க சிமெண்ட் பூசாமல் ஒரு முழம் மண்ணாவது விட்டு வையுங்கள். படங்களைக் கமெண்டில் போடுங்கள், பார்த்து மார்க் போடுகிறேன்.