பொது இடமும் பாதுகாப்பும்

ஆபத்து மிகுந்த நாடுகளுக்குத் தொழில் நிமித்தம் செல்வோரிடம், அறிமுகமற்றவர்களைப் பொது இடத்தில் மட்டுமே சந்திக்குமாறு கூறுவது வழக்கம். வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் செய்தியாளர் டானியல் பேர்ளுக்கும் அந்த அறிவுரை கூறப்பட்டிருந்தது. 2002 ஜனவரி 23 மாலை, கராச்சியில் ஓர் உணவகத்தின் முன்பாக வாடகைக் காரிலிருந்து இறங்கினார். அது பொது இடந்தான். ஆயினும் அங்கிருந்து கடத்திச் செல்லப்பட்டவர் உயிருடன் திரும்பவில்லை.

ஆகவே, பயணம் புறப்படும் இளம் செய்தியாளர்களிடம் நான் மேலும் சில கூறுவதுண்டு. குறித்த இடத்தைவிட்டு, சந்திக்க வந்தவரின் வாகனத்தில் ஏறாதீர்கள். உங்கள் சாரதியைக் காத்திருக்கச் செய்யுங்கள். யாரை, எங்கே சந்திக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் தொலைபேசியில் அழைப்பீர்கள் என்பவற்றை ஆசிரியபீடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அழைப்பு வராவிடின் உடனே யாருக்கு அறிவிப்பது என்பதும் அத்தாளில் இருக்கவேண்டும். தேடுவோருக்கு முதல் சில மணித்தியாலங்களே பெறுமதியானவை.