உப்புவெளியா, நிலாவெளியா?

திருகோணமலைக் கடலுக்குக் குடும்பத்தோடு போக நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: எங்கே தங்கலாம்?

உப்புவெளியும் நிலாவெளியும் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மே முதல் செப்டெம்பர் வரை இரண்டு இடத்திலும் கடல் சாதுவாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் அதே கடல் வேறு முகம் காட்டும், மார்கழியில் போகாதீர்கள்.

அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு உப்புவெளிதான் நல்லது. நகரம் அருகில். கோணேசர் கோயில் மாலைப் பூசைக்கு ஆட்டோவில் போய்வரலாம். கரையோரமாகவே சாப்பாட்டுக் கடைகள். இரவில் ஒரு மருந்து தேவைப்பட்டாலும் அலையவேண்டியதில்லை.

என் மனம் மட்டும் எப்போதும் நிலாவெளிப் பக்கம்தான். நீண்ட, ஆளரவம் குறைந்த மணல். அங்கிருந்து படகில் சற்று நேரத்தில் புறாத்தீவு. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள், வண்ண மீன்கள், கடலாமைகள். காலையில் முதல் படகிலேயே போங்கள். கூட்டம் சேருமுன் கடலுக்கடியில் பார்ப்பது வாழ்நாளுக்கும் மறக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள், துண்டுகூட எடுத்துவராதீர்கள். அது கல் அல்ல, உயிர். ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் அதைப் பார்க்கவேண்டும்.